வாடகை வீட்டு ஹோல் ஒத்துவரவில்லையா? குறையைப் பார்த்துச் சாமான்களை மாற்றி வைக்கும் வழி

இடமாற்றம் வரும் ஒவ்வொரு முறையும் எங்கள் வீடு ஒரு பட்டா லொறியில் ஏறும். தலவாக்கலை, பண்டாரவளை, நுவரெலியா, இப்போது ஹட்டன் என்று 9 வருடத்தில் 4 வாடகை வீடு பார்த்துவிட்டோம். அறைகளில் கட்டிலையும் அலுமாரியையும் போட்டால் வேலை முடிந்தது. ஹோல்தான் எல்லா வீட்டிலும் மல்லுக்கு நின்றது.

மலையில் வீடு கட்டுகிறவர் மண்ணை வெட்டி எவ்வளவு இடம் கிடைக்கிறதோ அதற்குள்தான் கட்டுகிறார். அதனால் ஹோல் நீளமாகப் போகும், அல்லது ஒடுங்கிப் போகும், அல்லது நான்கு பக்கமும் கதவாக இருக்கும். பெரிய வீட்டிலிருந்து பிரித்துக் கொடுத்த அனெக்ஸ் என்றால், ஒரு காலத்தில் இஸ்தோப்பாக (முன் வராந்தாவாக) இருந்த இடமே நமக்கு ஹோலாக வந்து சேர்ந்திருக்கும். சுவரைத் தொட முடியாது, ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார், ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ மறுபடி கிளம்ப வேண்டும். சாமான்களை எங்கே வைக்கிறோம் என்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.

நான் பார்த்தவரை முக்கால்வாசித் தொல்லை ஒரே பழக்கத்தில் இருந்து வருகிறது. புது வீட்டுக்குள் போனதும் எல்லாவற்றையும் சுவரோடு சுவராகத் தள்ளி, நடுவில் வெறும் இடம் விடுகிறோம். மலைநாட்டு வீட்டில் சுவர் குளிர்ந்திருக்கும், மழைக்காலத்தில் ஈரமாகவும் இருக்கும். சோபாவைக் கொண்டுபோய் அதில் சாய்த்து வைத்தால் குளிரும் ஈரமும் சோபாவுக்குள் வந்துவிடும். கீழே உள்ள குறைகளில் உங்கள் வீட்டில் எது இருக்கிறதோ அதில் இருந்து தொடங்குங்கள்.

தொடங்குமுன் ஒரு வேலை. பழைய பேப்பர்களை ஒட்டி, சோபா, டீப்போ (சோபாவுக்கு முன்னால் வைக்கும் சின்ன மேசை), டீவி மேசை ஒவ்வொன்றின் அளவுக்கும் வெட்டித் தரையில் விரியுங்கள். ஒரு நாள் முழுக்க அதைச் சுற்றி நடங்கள். எந்தப் பேப்பர் மிதிபட்டுக் கசங்குகிறதோ அந்த இடத்தில் அந்தச் சாமானை வைக்கக் கூடாது. இரண்டு பேர் மூச்சு வாங்க சோபாவை நாலு தரம் இழுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நடக்கும்போதெல்லாம் முழங்கால் இடிக்கிறது

ஹோலில் எத்தனை வாசல் என்று எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் இருந்தால் அந்த ஹோலுக்குள் ஒரு நடைபாதையும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதைக்கு முதலில் இடம் ஒதுக்க வேண்டும். மிச்சம் இருப்பதுதான் உட்காரும் இடம்.

முன்வாசலில் இருந்து குசினிக்குப் போகும் வழி 3 அடி அகலம் இருக்கட்டும். கையில் தண்ணீர் வாளியோ கேஸ் சிலிண்டரோ தூக்கிக்கொண்டு போகிறவருக்கு அவ்வளவு வேண்டும். அறை வாசலுக்குப் போகும் வழிக்கு இரண்டரை அடி போதும். சோபாவுக்கும் டீப்போவுக்கும் இடையில் ஒன்றரை அடி விட்டால் கால் நீட்டலாம், தேத்தண்ணீர் கோப்பையும் கைக்கு எட்டும்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு டீப்போவுக்கு இடம் வராவிட்டால் டீப்போவை அறைக்குள் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பதிலாக இரண்டு சின்ன முக்காலிதான். வேண்டும்போது இழுப்போம், இல்லாதபோது ஒன்றன் மேல் ஒன்றாக மூலையில் இருக்கும். கனமான, கூரிய விளிம்புள்ள கண்ணாடி டீப்போவை ஒடுங்கிய ஹோலில் வைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கரண்ட் போன இரவில் பிள்ளைகள் ஓடி வரும் வழி அது.

ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது

எங்கள் ஹட்டன் வீடு இப்படித்தான். ரோட்டில் இருந்து 22 படி கீழே இறங்கினால் வாசல். ஹோல் 18 அடி நீளம், 9 அடி அகலம். ஒரு நுனியில் முன்கதவு, மறுநுனியில் குசினிக் கதவு. இடது கைப்பக்க நீளச் சுவரில் இரண்டு அறைக் கதவுகள். வலது கைப்பக்கச் சுவருக்குப் பின்னால் வெட்டிய மண்மேடு. அதில் ஜன்னலும் இல்லை, கதவும் இல்லை.

எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். வெறுஞ்சுவர் கிடைத்ததே என்று சோபாவை அதோடு ஒட்டி வைத்து, எதிரே இரண்டு அறைக் கதவுக்கும் நடுவில் டீவியை வைத்தோம். யார் குசினிக்குப் போனாலும் டீவியை மறைத்துக்கொண்டு போக வேண்டும். வந்தவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில், பஸ் ஹோல்ட்டில் காத்திருப்பது போல உட்கார்ந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும்.

நீளமான ஹோலை நீளமாகவே பயன்படுத்தினால் இப்படித்தான் ஆகும். குறுக்கே வெட்ட வேண்டும். சோபாவைச் சுவரில் இருந்து எடுத்து, ஹோலுக்குக் குறுக்காக, அதன் முதுகு முன்கதவைப் பார்க்கும்படி திருப்பி வைத்தோம். இரண்டு பேர் உட்காரும் 5 அடி சோபா. மண்மேட்டுச் சுவரில் இருந்து 4 அங்குலம் தள்ளி வைத்த பிறகும் மறுபக்கம் 3 அடி 8 அங்குலம் நடைபாதை கிடைத்தது. டீவி குசினிக் கதவுக்குப் பக்கத்தில் உள்ள நுனிச் சுவருக்குப் போனது. சோபாவின் முன் விளிம்பில் இருந்து டீவி மேசைக்கு 7 அடி. 32 அங்குல டீவிக்கு அதற்கு மேல் தூரம் வைக்காதீர்கள், எழுத்து தெரியாது.

சோபாவின் முதுகுக்குப் பின்னால் முன்கதவு வரைக்கும் 7 அடி மிச்சம். அங்கே சோபா முதுகோடு ஒட்டி ஒன்றரை அடி அகல மேசை ஒன்று. மகள் அதில்தான் படிக்கிறாள்.  கதவுக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் கதிரை, செருப்புத் தட்டு, குடை வைக்க ஒரு பழைய வாளி. மழையில் நனைந்து வருகிறவர் அந்தப் பகுதியிலேயே குடையையும் சப்பாத்தையும் விட்டுவிட்டு உள்ளே வரலாம். கடிதம் கொடுக்க வந்தவரும், சீட்டுக்காசு வாங்க வந்த அக்காவும் அங்கேயே உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். ஒரே ஹோல் இரண்டு இடமாகிவிட்டது.

அந்த ஒரு மாற்றம் செய்த அன்று சாயங்காலம், எங்களோடு இருக்கும் அம்மாயி சோபாவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்தார். "இப்பதான் புள்ள, பொறத்தால காத்து அடிக்கல" என்றார். முன்கதவின் கீழ் இடுக்கில் வரும் காற்றை சோபாவின் முதுகு தடுக்கும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

உங்கள் சோபா 6 அடிக்கு மேல் நீளமான மூன்று பேர் சோபா என்றால் 9 அடி ஹோலில் குறுக்கே போடாதீர்கள், பாதை அடைபடும். அதற்குப் பதில் முதுகுள்ள இரண்டு தனிக் கதிரைகளைக் குறுக்கே போட்டு, சோபாவை நீளவாக்கில் விடுங்கள். மூலை வடிவம் வரும், பேச வசதி. ஆனால் சோபாவின் முதுகைப் பற்றி அடுத்த பகுதியைக் கட்டாயம் பாருங்கள்.

சோபாவில் ஒரு வாடை, பின்பக்கம் வெள்ளைப் புள்ளி

தலவாக்கலை வீட்டில் ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோபாவை இழுத்துப் பார்த்தபோது அதன் முதுகுத் துணியில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. விரலால் தொட்டால் மாவு போல ஒட்டியது. கீழ்ச் சட்டத்துக்கு அடித்திருந்த சிப்போர்ட் ஓரம் ஊறி, பிஸ்கட் தேத்தண்ணீரில் நனைந்தது போல உப்பியிருந்தது. அந்தச் சோபாவுக்கு அப்போது இரண்டு வயது கூட ஆகவில்லை.

ஈரம் இரண்டு வழியில் வரும். எது என்று தெரியாமல் செய்யும் வைத்தியம் வீண். ஒன்று, சுவருக்குள்ளேயே தண்ணீர் இறங்குவது. மற்றது, ஹோலுக்குள் இருக்கும் காற்றில் உள்ள நீராவி குளிர்ந்த சுவரில் பட்டு வியர்ப்பது. சோறு வடிக்கும் ஆவி, குளிக்கும் சுடுதண்ணீர் ஆவி, உள்ளே காயப்போட்ட துணி, நான்கு பேர் மூச்சு எல்லாம் இரண்டாவது வழிக்குத்தான் போகும்.

கண்டுபிடிக்க ஒரு அடிக்கு ஒரு அடி பொலித்தீன் துண்டு போதும். சுவரின் மேற்பரப்பை உலர்ந்த துணியால் துடைத்து, நான்கு ஓரமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனுக்கு உட்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம் நீர்த்துளி இருந்தால் தண்ணீர் சுவரில் இருந்து வருகிறது. வெளிப்பக்கம், ஹோலைப் பார்த்த பக்கம் ஈரமாக இருந்தால் அது நம் வீட்டு ஆவி. தரைக்கு மேல் ஓரிரு அடி உயரம் வரைக்கும் பெயின்ட் உரிந்து வெள்ளை உப்புப் பொடி பூத்திருந்தால் சோதனையே தேவையில்லை, நிலத்து ஈரம் சுவரில் ஏறுகிறது.

சுவர்த் தண்ணீர் என்றால் வீட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். தலவாக்கலையில் நான் கூப்பிட்ட மேசன் பாஸ் சுவரைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பின்னால் போனார். "டீச்சர், கான் அடைச்சிக் கெடக்கு. தண்ணி போக வழியில்லாம சுவத்துக்குத்தான் வருது. மொதல்ல இத வெட்டி விடுங்க" என்றார். மண்மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஓடும் கானில் மண்ணும் இலையும் ஒரு அடிக்கு நிரம்பியிருந்தது. அதைச் சுத்தம் செய்து, உடைந்த கூரைப் பீலியையும் வீட்டுக்காரரிடம் சொல்லி மாற்றியதில் அந்தச் சுவர் பாதி காய்ந்தது. இந்த வேலை வீட்டுக்காரர் செலவில் நடக்க வேண்டியது. கானையும் ஈரச் சுவரையும் போட்டோ எடுத்துக் காட்டிக் கேளுங்கள், பெரும்பாலானவர்கள் மறுக்க மாட்டார்கள். வீடு அவர்களுடையது.

வீட்டு ஆவி என்றால் காற்று போக வழி செய்வதுதான் மருந்து. பனிமூட்டம் விலகி வெயில் எட்டிப் பார்க்கும் முற்பகலில் எதிரெதிர் ஜன்னல்களை அரை மணி நேரம் திறந்து விடுங்கள். மூட்டம் இறங்கும் பின்னேரத்தில் திறந்தால் ஈரம் உள்ளேதான் வரும். சமைக்கும்போது குசினி–ஹோல் கதவைச் சாத்திவிட்டு குசினி ஜன்னலைத் திறங்கள்.

இரண்டு விதத்துக்கும் பொதுவானது: சுவரில் இருந்து 3, 4 அங்குலம் தள்ளி வையுங்கள். சோபா மறுபடி நகர்ந்து ஒட்டிவிடாமல் பின்கால்களுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மரத்துண்டு போட்டுவிடுங்கள். துணி தரை வரை தொங்கும் சோபாவைவிடக் கால் வைத்த சோபா நல்லது, அடியில் காற்று ஓடும். புத்தக அலுமாரியை மண்மேட்டுச் சுவரில் வைக்கவே வேண்டாம். இரண்டு அறைக்கு நடுவில் வரும் உள்சுவர் பெரும்பாலும் காய்ந்திருக்கும், அதில் வையுங்கள்.

படர்ந்த பூஞ்சணத்தை உலர்ந்த தூரிகையால் தட்டாதீர்கள். அது பறந்து மூச்சுக்குள் போகும், இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு ஆகாது. முகத்துக்குத் துணி கட்டி, வெள்ளை வினாகிரியில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, வெயில் உள்ள நாளில் வெளியே போட்டுக் காய வையுங்கள்.

எந்தச் சுவர் நனையும் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கொண்டுவந்து அடிக்கும். அங்கே மேற்குச் சுவரும் தெற்குச் சுவரும் நனையும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் அந்த மாதங்களில் வறண்ட காற்றுதான், மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை இழுக்கும், வடகிழக்குப் பக்கச் சுவரைப் பார்க்க வேண்டும். அதனால்தான் ஹட்டனில் பெப்ரவரி மாதம் வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுக்கிறவர்களிடம் நான் சொல்வது: சுவர் காய்ந்திருக்கிறதே என்று நம்பாதீர்கள், அடிச்சுவரில் புதுப் பெயின்ட் மட்டும் தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

கம்பளி போர்த்தினாலும் உட்கார முடியவில்லை

கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லில் உறைபனி விழும். அந்த ஊரில் ஹோலைச் சூடாக்கப் பார்ப்பதைவிட, உட்காரும் இடத்தை மட்டும் குளிரில் இருந்து மறைப்பது சுலபம்.

ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, கதவு இடுக்கு, ஜன்னல் ஓரம், சீலிங் இல்லாத கூரை விளிம்பு என்று மெதுவாகக் கொண்டு போங்கள். புகை சாய்கிற இடத்தில் காற்று வருகிறது. கதவின் கீழ் பழைய சேலையைச் சுருட்டி வைத்தாலே பாதி அடங்கும். பிறகு உட்காரும் இடத்தைக் காற்று வரும் கோட்டில் இருந்து விலக்குங்கள். பெரிய கண்ணாடி ஜன்னலுக்கு முதுகு கொடுத்து உட்காருவதுதான் மிகவும் குளிரும், காற்று வராவிட்டாலும் குளிரும். பகலில் மலையைப் பார்க்கும்படி ஜன்னலோரம் ஒரு கதிரை போதும், சோபா உள்சுவர்ப் பக்கம் இருக்கட்டும். இரவில் தடித்த திரையை ஜன்னல் படிக்குக் கீழ் வரை தொங்க விடுங்கள்.

சீமெந்துத் தரைக்கு முதலில் பன்பாய், அதற்கு மேல் கார்ப்பெட். கால் வைக்கும் இடத்தில் மட்டும் இருந்தால் போதும். வாரத்துக்கு ஒரு நாள் இரண்டையும் தூக்கிக் காய வையுங்கள், இல்லாவிட்டால் அடியில் பூஞ்சணம் பிடிக்கும்.

பழைய பங்களாவைப் பிரித்துக் கொடுத்த வீடுகளில் ஃபயர் பிளேஸ் இருக்கும். புகைபோக்கி அடைபட்டிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அதில் தீ மூட்ட வேண்டாம். மூட்டினால் சோபாவும் கார்ப்பெட்டும் 3 அடி தள்ளி இருக்க வேண்டும். மூட்டாவிட்டால், காற்று இறங்கும் அந்த வாயை ஒரு பலகையால் மறைத்து அதற்கு முன்னால் புத்தகத் தட்டு வைக்கலாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கரிச்சட்டியை ஹோலுக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். அதில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு வாசனையும் இல்லை, கண்ணிலும் தெரியாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். அந்தக் கரி அணைந்தது போலத் தெரிந்தாலும் வெளியில்தான் இருக்க வேண்டும்.

பிளக் ஒரு மூலையில், டீவி வைக்க வேண்டிய இடம் இன்னொரு மூலையில்

பழைய வீடுகளில் ஹோலுக்கு ஒரே ஒரு பிளக் பொயின்ட் இருக்கும். டீவியை அங்கே வைத்தாக வேண்டும் என்று ஹோலையே கோணலாக்கிக்கொள்ள வேண்டாம். டீவிக்கு எடுக்கும் கரண்ட் குறைவு, நல்ல எக்ஸ்டென்ஷன் கோட் ஒன்றைச் சுவர் ஓரமாகக் கொண்டு போகலாம். கார்ப்பெட்டுக்கு அடியிலும், வாசலுக்குக் குறுக்கேயும் வயர் போகக் கூடாது.

ஹீட்டர் வேறு கதை. 2,000 வொட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். உருண்டை முள் 5 அம்பியர் பிளக்கில் அடப்டர் போட்டு அதைக் குத்தினால் வயர் உருகும். சதுர முள் 13 அம்பியர் பொயின்ட் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஹீட்டர், அதைச் சுற்றி 3 அடிக்குள் திரையும் சோபாவும் வரக் கூடாது. அந்தப் பொயின்ட் ஹோலில் இல்லை என்றால் ஹோலுக்கு ஹீட்டர் இல்லை என்று முடிவு செய்துவிடுங்கள்.

அப்புறம், பிளக்கை மறைத்து அலுமாரி வைக்காதீர்கள். ஏப்ரலிலும், ஒக்டோபர்–நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் வரும்போது டீவியின் பிளக்கை ஓடிப்போய்க் கழற்ற வேண்டும். கை எட்ட வேண்டும்.

வீட்டுக்காரரின் ஷோகேஸ் நடுவில் நிற்கிறது

சாமான்களோடு வாடகைக்குக் கொடுக்கும் வீடுகளில் பெரிய ஷோகேஸ், கல்யாணத்துக்கு வாங்கிய சோபா செட், எடுக்க முடியாத சாப்பாட்டு மேசை என்று ஏதாவது ஒன்று இருக்கும். பண்டாரவளையில் எங்களுக்கு 6 அடி ஷோகேஸ். உள்ளே அவர்களுடைய பீங்கான் சாமான். "அது அப்பா வாங்குனதுங்க, அங்கேயே இருக்கட்டும்" என்று வீட்டுக்கார அண்ணன் சொன்னார். அவருக்கு அது சாமான் இல்லை, அப்பாவின் ஞாபகம். நாம் பக்குவமாக நடந்துகொள்ள வேண்டிய இடம்.

எடுக்கச் சொல்லிக் கேட்காமல், திருப்பி வைக்கலாமா என்று கேட்டேன். நடுச்சுவரில் இருந்ததை சாப்பாட்டு மேசைக்குப் பக்கம், குசினி வாசலோரமாக, நான்கு அடி நகர்த்த அனுமதி கிடைத்தது. பீங்கானை அவருடைய மனைவியே வந்து எடுத்து அடுக்கினார். நகர்த்துமுன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து அவருக்கும் அனுப்பினேன். வீட்டை விடும்போது பழைய கீறல், புதுக் கீறல் என்ற பேச்சே வரவில்லை. அட்வான்ஸ் முழுதாகத் திரும்பியது.

நகர்த்தவே விடமாட்டார் என்றால் அதை ஒரு சுவராக நினைத்து, அதற்குப் பக்கவாட்டில் உட்காரும் இடத்தை அமையுங்கள். அதற்கு எதிரில் உட்கார்ந்தால் கண் அதிலேயே போய் நிற்கும், ஹோல் இன்னும் சின்னதாகத் தெரியும்.

அலுமாரி ஆடுகிறது, கதவு தானாகத் திறக்கிறது

தரை வாட்டம். கழுவும் தண்ணீர் வாசலுக்கு ஓடும்படி சரித்துப் பூசியிருப்பார்கள். பழைய இறப்பர் செருப்பை வெட்டித் தாழ்ந்த கால்களுக்குக் கீழே கொடுங்கள். அட்டை வேண்டாம், ஈரத்தில் நசுங்கும். கனமான சாமான்களைக் கீழ்த்தட்டில் வையுங்கள்.

சோபா வாசலுக்குள் போகவில்லை

லொறி ரோட்டில் நிற்கும், வீடு படிக்குக் கீழே இருக்கும். ஆட்கள் சுமந்து வந்து வாசலில் நின்ற பிறகு அளந்து பயனில்லை. சாமான் ஏற்றுமுன் படி திரும்பும் இடத்தின் அகலம், நிலையின் உள் அகலம் இரண்டையும் அளந்து வாருங்கள். சோபாவின் நீளம் நிலையின் உயரத்துக்குள் இருந்தால் செங்குத்தாக நிமிர்த்தி வளைத்து நுழைக்கலாம். இருக்கையின் ஆழமும் முதுகின் உயரமும் இரண்டும் நிலையைவிடப் பெரிதாக இருந்தால்தான் போகாது. கால்களைக் கழற்றினால் இரண்டு, மூன்று அங்குலம் கிடைக்கும், கதவைப் பிணைச்சலில் இருந்து எடுத்தால் இன்னும் ஒன்றரை அங்குலம்.

அடிக்கடி வீடு மாறுகிறவர்கள் மரச்சட்டமும் தனி மெத்தையும் கொண்ட சோபா வாங்குங்கள். கழற்றலாம், சுமக்கலாம், மெத்தை உறையைத் துவைக்கலாம்.

துணி காய இடமில்லாமல் ஹோலே கொடியாகிவிட்டது

விடாத மழை வாரத்தில் வேறு வழி கிடையாது, எனக்குத் தெரியும். ஆனால் ஹோலின் குறுக்கே கயிறு கட்டினால் உட்காரும் இடமும் போகும், ஈரம் முழுக்க சோபாவுக்கும் போகும். மடிக்கும் துணி ஸ்டான்ட் ஒன்றை ஒரு ஜன்னலோடு ஒட்டி வைத்து அந்த ஜன்னலை நாலு விரல் அளவு திறந்து விடுங்கள். மெஷினில் இரண்டாம் முறை பிழிய விட்ட துணிதான் உள்ளே வர வேண்டும். கையால் துவைக்கிறவர்கள் துணியை ஒரு உலர்ந்த துவாய்க்குள் சுருட்டி மிதித்து எடுத்தால் ஏறத்தாழ அதே பலன்.

ஊரில் இருந்து ஆட்கள் வந்தால் படுக்க இடமில்லை

தீபாவளிக்கும் தேர்த் திருவிழாவுக்கும் ஹோல் இரவில் படுக்கையறை. அதனால் தரையில் ஓரிடத்தில் 6 அடிக்கு 6 அடி, பத்து நிமிடத்தில் வெறுமையாக்கக் கூடியதாக இருக்க வேண்டும். டீவிக்கும் சோபாவுக்கும் இடையில் உள்ள இடம் அதற்குத்தான். ஈரச் சுவரோரம் யாரையும் படுக்க வைக்காதீர்கள். வயதானவர் என்றால் தரையே வேண்டாம், சோபாவைக் கொடுத்துவிடுங்கள். சாமிப்படமும் விளக்கும் படுக்கிறவர் கால் பக்கம் வராத மூலையில், கைக்குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருந்தால் அந்த ராத்திரிகளில் இடத்தை மாற்றித் தவிக்க வேண்டியதில்லை.

நேற்று வரை சுலபமாகத் திறந்த கதவு இன்று இறுகுகிறது

மழைக்காலத்தில் மரம் ஊதும். எல்லாக் கதவும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, வெயில் வந்ததும் தளர்ந்தால் அது வெறும் ஈரம்தான். கீழ் விளிம்பில் மெழுகு தேய்த்துவிடுங்கள்.

ஒரே ஒரு கதவோ ஜன்னலோ திடீரென்று இறுகி, அந்தப் பக்கச் சுவரில் புது வெடிப்பும் தெரிந்தால் சாமான்களை விடுங்கள். வெளியே போய்ப் பாருங்கள். முற்றத்தில் வெடிப்பு இருக்கிறதா, மண்மேட்டில் மரமோ கரண்ட் கம்பமோ சாய்ந்திருக்கிறதா, இல்லாத இடத்தில் ஊற்று புறப்பட்டிருக்கிறதா, வழக்கமாக வரும் தண்ணீர் கலங்கி வருகிறதா. இவற்றில் ஒன்று இருந்தாலும் மலை அசைகிறது என்று எடுத்துக்கொண்டு, பொழுது விடியட்டும் என்று காத்திராமல் வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைத்துச் சொல்லுங்கள், கிராம சேவகருக்கும் சொல்லுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் விடுகிறது. சிவப்பு என்றால் வெளியேறச் சொல்வது. நம் பிரதேசத்துக்கு என்ன நிறம் என்று மழை வலுக்கும் நாளில் வானொலியிலோ போனிலோ பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்காகவே ஹோலில் ஒரு ஏற்பாடு வேண்டும். முன்கதவுக்கு நேரே 3 அடி எப்போதும் வெறுமையாக இருக்கட்டும், கதவு முழுதாகத் திறக்கட்டும். எங்கள் வீட்டில் செருப்புத் தட்டுக்கு மேலே ஒரு டோர்ச், அதற்குப் பக்கத்தில் அடையாள அட்டைகளும் அம்மாயியின் பிரஷர் மருந்தும் உள்ள ஒரு பை. தட்டுக்கும் கதவுக்கும் நடுவில் தரையில் மாஸ்கிங் டேப்பால் ஒரு கோடு ஒட்டியிருக்கிறோம். அதைத் தாண்டி யாரும் கதிரையை இழுப்பதில்லை.